வீடு சொல்லும் செய்தி

நுழையும் முன்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி வாழ நான்கு சுவர்களும் ஒரு கூரையும் போதும். ஆயினும் மனிதர் எவரும் அத்துடன் நிறைவடைவதில்லை. வாசலில் கோலமிடுகின்றனர், சுவரில் படம் மாட்டுகின்றனர், அலமாரியில் பொம்மைகளை அடுக்கி வைக்கின்றனர். இவ்வழகுப் பொருள்கள் வீட்டில் வாழ்வோரைப் பற்றி எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லா என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தேவையும் விருப்பமும்

வீட்டிலுள்ள பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். அடுப்பு, பாய், வாளி போன்றவை முதல் வகை. அவை இன்றி வாழ்க்கை நடவாது. ஆதலால் அவை எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சுவரில் தொங்கும் ஓவியம், வாயிலில் கட்டிய தோரணம், கண்ணாடி அலமாரியில் நிற்கும் பொம்மை ஆகியவை இரண்டாம் வகை. அவை இல்லாவிட்டாலும் வாழ்க்கை தடைப்படாது. இருந்தும் மனிதர் அவற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். எனவே, ஒருவரின் மன விருப்பத்தை அறிய இரண்டாம் வகைப் பொருள்களே மிகுதியும் துணை செய்கின்றன.

வீட்டை அழகுபடுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிய அரசியின் அரண்மனையை விரிவாகக் காட்டுகிறார். செம்பினால் செய்தாற்போன்ற உயர்ந்த சுவர்களில் பூங்கொடி ஓவியம் திகழ்கிறது. யவனர் செய்த பாவை தன் கையில் விளக்கை ஏந்தி நிற்கிறது. யானைத் தந்தத்தால் இழைத்த கட்டில் இடப்பட்டுள்ளது. அயல்நாட்டார் கைவினையால் வீட்டை அழகு செய்யும் விருப்பம் மிகப் பழமையானது என்பது இதனால் புலனாகும்.

எனினும், அப்பாடலில் அரசி மகிழ்ச்சியாக இல்லை. பாசறைக்குச் சென்ற அரசனைப் பிரிந்த துயரத்தால் அவள் வருந்திக் கிடக்கிறாள். அறையின் அழகு அரசரின் செல்வத்தை அறிவிக்கிறது. அரசியின் மனத்தை அறிவிக்கவில்லை. வீட்டைப் பார்த்து மனிதரை அறிய முயல்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மண் தந்த அழகு

ஒரு வீட்டின் அழகு முதலில் அவ்வூரின் மண்ணையும் தொழிலையும் சொல்கிறது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் வட்ட வடிவான மண் வீடுகள் உள்ளன. அவற்றைப் ‘பூங்கா’ என்று அப்பகுதி மக்கள் தம் மொழியில் அழைக்கின்றனர். மலர்ச் சோலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. மண்ணையும் சாணத்தையும் குழைத்து அச்சுவர்களில் மேடான கோலங்களை அமைப்பர். இடையிடையே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பர். ஒரே ஒரு விளக்கின் ஒளி பட்டாலும் அத்துண்டுகள் பலவாகி மின்னும். பசுமை குறைந்த நிலத்தில் வாழ்வோர், கைக்கு எட்டிய மண்ணையும் கண்ணாடியையும் கொண்டே தம் இல்லத்திற்கு ஒளியூட்டினர்.

மகாராஷ்டிரத்தின் வார்லி மக்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் கரைசலால் வெண்ணிற ஓவியம் வரைகின்றனர். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய மூன்று வடிவங்களே அவ்வோவியத்திற்கு அடிப்படை. இரண்டு முக்கோணங்களின் முனைகளைச் சேர்த்தால் ஒரு மனித உடல் பிறக்கிறது. நடவு, அறுவடை, வேட்டை, கூட்டு நடனம் ஆகியவை அங்கு ஓவியமாகின்றன. அச்சுவரில் தனிமனிதரின் பெருமையைக் காண்பது அரிது. கூட்டமாக உழைப்போரையும் கூட்டமாக ஆடுவோரையுமே காணலாம். அம்மக்கள் எதனை வாழ்வென்று கருதினர் என்பதற்கு அச்சுவரே சான்று.

பீகாரின் மிதிலைப் பகுதியில் மணமக்களுக்குரிய அறையின் சுவரைப் பெண்கள் ஓவியத்தால் நிரப்புவர். தாமரை, மூங்கில், மீன், கிளி ஆகியவை அதில் இடம்பெறும். குடும்பம் தழைக்க வேண்டும் என்னும் வாழ்த்தே அவ்வோவியத்தின் பொருள். தாயிடமிருந்து மகள் கற்றுவந்த இக்கலையை வெளியுலகம் நெடுங்காலம் அறியவில்லை. 1934ஆம் ஆண்டு பீகாரில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, அரசு அலுவலரான டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றின் உட்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டு வியந்தார். பின்னர், 1960களின் இறுதியில் அப்பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. அப்போது அப்பெண்கள் காகிதத்தில் வரைந்து விற்க ஊக்குவிக்கப்பட்டனர். வீட்டுச் சுவரில் வாழ்த்தாக இருந்த கோடுகள் அவ்வீட்டாரின் பசி தீர்க்கும் தொழிலாகவும் ஆயின. இன்று அக்கலையை உலகம் மதுபனி ஓவியம் என அறிந்துள்ளது.

தரையில் இடும் கோலமும் இத்தகையதே. அதனை வங்காளத்தில் அல்பனா என்றும், ஆந்திரத்தில் முக்கு என்றும், மகாராஷ்டிரத்தில் ரங்கோலி என்றும், குமாவுன் மலைப்பகுதியில் ஐப்பண் என்றும், இராஜஸ்தானில் மாண்டணா என்றும் வழங்குவர். தமிழ்நாட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோடு இழுக்கின்றனர். வங்கப் பெண்கள் அரிசிமாவுக் கரைசலில் விரலைத் தோய்த்து வரைகின்றனர். இராஜஸ்தானத்துப் பெண்கள் செங்காவி மெழுகிய தரையில் வெண்சுண்ணத்தால் தீட்டுகின்றனர். முறைகள் பல, கருத்து ஒன்று. வருவோரை வீடு மகிழ்ந்து வரவேற்கிறது என்பதே அக்கருத்து.

வெளியூர் சென்றோர் எழுப்பிய வீடுகள்

பொருள் தேடி வெளியூர் சென்றோரின் வீடுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. இதற்குச் செட்டிநாடும் சேகாவதியும் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்த நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று வணிகம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர்கள் சொந்த ஊரில் பெரிய வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி ஆகியவற்றுடன் உள்ளூர் ஆத்தங்குடியில் வார்த்த வண்ணத் தரைக்கற்களும் அவ்வீடுகளை அணி செய்தன. முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் வழவழப்பாக மின்னுகின்றன. விருந்தினர் அமரும் முகப்பில் ஆடம்பரம் மிகுதி. உள்ளே வளவைச் சுற்றி மணமான மகன்களுக்கென அமைந்த அறைகளோ சிறியவை. வெளியுலகிற்குக் காட்டும் பெருமையும், உள்ளே பகிர்ந்து வாழும் எளிமையும் ஒரே வீட்டில் அமைந்துள்ளன.

இராஜஸ்தானின் வடகிழக்கிலுள்ள சேகாவதிப் பகுதியிலும் இதனையே காணலாம். அங்கிருந்து மார்வாரி வணிகர்கள் கொல்கத்தா, மும்பை முதலிய நகரங்களுக்குச் சென்றனர். ஈட்டிய பொருளைக் கொண்டு மண்டாவா, நவல்கர், பத்தேப்பூர் முதலிய ஊர்களில் ‘அவேலி’ எனப்படும் மாளிகைகளைக் கட்டி, சுவர்கள் முழுவதும் ஓவியம் தீட்டச் செய்தனர். கண்ணன் கதைகளுக்கு அருகிலேயே தொடர்வண்டியும் மோட்டார் வண்டியும் ஆகாய விமானமும் அங்கே வரையப்பட்டுள்ளன.

இவ்விரு வணிகச் சமூகங்களும் ஒரே செயலைச் செய்தன. தாம் கண்ட உலகத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவந்து சுவரிலும் தூணிலும் நிறுத்தின. ‘தொலைவில் சென்றோம், ஊரை மறக்கவில்லை’ என்பதே அவ்வீடுகளின் பேச்சு.

அச்சுப் படமும் நாட்காட்டியும்

செல்வரின் ஓவியம் எளியோரின் இல்லத்திற்கு வந்தது எவ்வாறு? கேரளத்தில் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த இராஜா ரவி வர்மா 1894ஆம் ஆண்டு மும்பையில் ஓர் அச்சகத்தை நிறுவினார். அவர் தீட்டிய இலட்சுமி, சரசுவதி முதலிய உருவங்கள் வண்ணப் படங்களாக அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவின. அரண்மனைச் சுவரில் மட்டும் தொங்கிய ஓவியம் சிறு வீட்டின் சுவருக்கும் வந்தது.

பின்னாளில் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளைப் பெருமளவில் அச்சிட்டன. புத்தாண்டின்போது நகைக்கடையும் துணிக்கடையும் மளிகைக் கடையும் தம் பெயர் பொறித்த நாட்காட்டியை வாடிக்கையாளர்க்கு வழங்குவது வழக்கமாயிற்று. பணம் கொடுத்து ஓவியம் வாங்க இயலாத வீட்டிலும் இவ்வாறு ஒரு வண்ணப் படம் இடம்பெற்றது. ஆண்டு முடிந்தபின் தாள்களைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டிய குடும்பங்கள் பல. ஆகவே, சுவரில் தொங்குவது நாட்காட்டிப் படமாயினும் அதனைத் தாழ்வாக எண்ணலாகாது. விருப்பம் எல்லார்க்கும் உண்டு. வசதி மட்டுமே வேறுபடும்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

பொருள்களுக்கும் மனிதர்க்கும் உள்ள உறவை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். மிகாய் சிக்சென்ட்மிகாயி, யூஜின் ரோச்பெர்க்-ஹால்டன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்தோரிடம், ‘உங்கள் வீட்டில் உங்களுக்கு மிகவும் சிறப்பான பொருள் எது? ஏன்?’ என்று வினவினர். அவ்வாய்வு 1981ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. இளையோர் பாட்டுக் கேட்கும் கருவி போன்று தாம் இயக்கி மகிழும் பொருள்களைக் குறிப்பிட்டனர். தாத்தா பாட்டியர் நிழற்படங்களைக் குறிப்பிட்டனர். ஒரு பொருள் ஏன் சிறப்பானது என்பதற்குப் பெரும்பாலோர் விலையைக் காரணமாகக் கூறவில்லை. அதனுடன் பிணைந்த நினைவையும் உறவையுமே கூறினர்.

சாம் காஸ்லிங் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அறிமுகமில்லாதவர்களின் அறைகளைச் சிலர் பார்வையிட்டு, அங்கு வாழ்வோரின் இயல்பைக் கணிக்க முயன்றனர். புதியனவற்றை விரும்புபவரா, ஒழுங்குடன் செயல்படுபவரா என்பவற்றை அவர்களால் ஓரளவு சரியாகக் கணிக்க முடிந்தது. ஆனால், பிறரிடம் இணக்கமும் பரிவும் உடையவரா என்பதை அவ்வளவாகக் கணிக்க இயலவில்லை. புத்தக அடுக்கும் மடித்த போர்வையும் ஒருவரின் பழக்கத்தைக் காட்டும். அவருடைய அன்பின் அளவைக் காட்டா.

நெடுநல்வாடை அரசியின் அறை உணர்த்தும் கருத்தும் இதனோடு ஒத்திருக்கிறது.

இடம்பெயர்ந்தோர் இல்லம்

வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் வாழும் குடியிருப்புகளில் எல்லா வீடுகளும் வெளியே ஒன்றுபோல் தோன்றும். ஒரே வண்ணக் கதவு, ஒரே அளவுச் சாளரம், ஒரே சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே சென்றால்தான் வேறுபாடு தெரியும். ஒரு வங்கக் குடும்பத்தின் கூடத்தில் பாங்குராவின் சுடுமண் குதிரை நிற்கும். அசாமியர் வீட்டுச் சுவரில் மூங்கிலும் ஓலையும் கொண்டு முடைந்த ஜாப்பி என்னும் தொப்பி இருக்கும். பஞ்சாபியர் இல்லத்தில் புல்காரிப் பூத்தையல் துணியைக் காணலாம். கேரளத்தார் வீட்டில் யானையின் நெற்றிப்பட்டம் சிறிய வடிவில் தொங்கும். தமிழர் வீட்டில் குத்துவிளக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் ஊர்க்கடை வழங்கிய நாட்காட்டியும் இருக்கக்கூடும்.

இக்குடும்பங்களுக்கு இடம் மிகுதியாக இராது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க உரிமையாளர் இசையாமல் இருக்கலாம். பணியிட மாற்றம் வரும்போதெல்லாம் எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று முடிவுசெய்ய வேண்டும். நாற்காலியை விற்றுவிடுவர், மெத்தையைக் கொடுத்துவிடுவர், ஆனால், கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்து, உடையாமல் கொண்டு செல்வர். மூன்று பணியிட மாற்றங்களைக் கடந்தும் ஒரு பொருள் வீட்டில் இருக்குமானால், அப்பொருளில் அக்குடும்பத்தின் நினைவு ஒன்று தங்கியிருக்கிறது எனலாம்.

அதே வேளையில், வாழும் ஊரும் வீட்டிற்குள் வருகிறது. அகமதாபாத்தில் வாழும் தமிழர் வீட்டு வாயிலில் மாவிலையுடன் கண்ணாடி பதித்த துணித் தோரணமும் ஆடலாம். கொல்கத்தாவில் வளரும் தமிழ்ச் சிறுமி பண்டிகை நாளில் புள்ளிக் கோலத்தின் ஓரத்தில் அல்பனாவின் கொடியையும் சேர்க்கலாம். இஃது இழப்பன்று, சேர்ப்பு. இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிக் கல்லும் ஒரே வீட்டில் பொருந்தியதைப் போன்றதே இதுவும்.

கேட்டால் கிடைக்கும் கதை

நண்பர்கள் வீட்டிற்கு வரும்போது, பழைய பித்தளைப் பாத்திரத்தையும் மங்கிய படத்தையும் கண்டு சில சிறுவர் கூச்சமடைகின்றனர். கடைகளிலும் விளம்பரங்களிலும் காணும் வீட்டைப்போல் தம் வீடு இல்லையே என்று எண்ணுகின்றனர். விளம்பர வீட்டில் எல்லாம் புதியவை. ஆனால், அவ்வீட்டில் எவரும் வாழ்ந்ததில்லை. ஆதலால் அதற்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொள்வோர் அதன் எடையைக் கொண்டு விலையைக் கூறிவிடலாம். அதன் பொருளை அவ்வாறு கூற இயலாது. தமிழர் இல்லங்களில் சீர்வரிசையாக வரும் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. கொடுத்தவர் பெயரோ பெற்றவர் பெயரோ சிறு உளியால் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அச்செம்பு பாட்டிக்கு அவர்தம் தாயார் கொடுத்ததாக இருக்கலாம். ஊரிலிருந்து தொடர்வண்டியில், மூட்டையின் நடுவே, பல மாநிலங்களைக் கடந்து வந்ததாக இருக்கலாம். இக்கதையைச் செம்பு தானே சொல்லாது. அறிந்தவர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரை ஒருவர் கேட்கவும் வேண்டும். கேட்பார் இல்லாவிடில், சொல்லக்கூடியவரின் காலத்திற்குப் பின் அது வெறும் பித்தளையாகிப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போய்விடும்.

பிறர் வீட்டைக் காணும்போதும் இதுவே முறை. ‘இதன் விலை என்ன?’ என்னும் வினா அங்கே எழ வேண்டியதில்லை. ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்னும் வினாவே ஒரு குடும்பத்தின் கதையைத் திறக்கும். வீட்டை மட்டும் பார்ப்பவர் அவ்வீட்டாரைப் பற்றிப் பாதியே அறிகிறார். கேட்டறிபவரே முழுமையாக அறிகிறார்.

பாத்திரத்தின் கழுத்தருகே பொறித்துள்ள பெயர் பெரும்பாலும் தமிழ் எழுத்துகளிலேயே இருக்கும். தமிழ் கற்கும் மாணவர் எவரும் அதனை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். தாம் ஒருபோதும் கண்டிராத கொள்ளுப்பாட்டியின் பெயரை அவ்வாறு முதன்முறை வாய்விட்டுப் படிக்கும் மாணவர்க்கு, அச்செம்பு அன்று முதல் வேறொரு பொருளாகிவிடும்.

சொல்லும் பொருளும்

யவனர் – பண்டைக் காலத்தில் தமிழகத்துடன் வணிகம் செய்த கிரேக்கர், உரோமர்
பாவை – பதுமை, பொம்மை
பாசறை – போருக்குச் சென்ற படை தங்குமிடம்
செங்காவி – சிவந்த காவி மண்
வளவு – வீட்டின் நடுவே அமைந்த முற்றமும் அதனைச் சூழ்ந்த பகுதியும்
சீர்வரிசை – திருமணம் முதலியவற்றில் பிறந்த வீட்டார் அளிக்கும் பொருள்கள்
பெயர் வெட்டுதல் – பாத்திரத்தில் பெயர் பொறித்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இன்றியமையாத பொருள்களைவிட அழகுப் பொருள்கள் ஒருவரின் விருப்பத்தை மிகுதியாகக் காட்டுவது ஏன்?
2. மிதிலைச் சுவரோவியம் காகிதத்திற்கு மாறியதற்குக் காரணம் யாது?
3. அறையைப் பார்த்து எளிதில் அறிய இயலாத இயல்பு எது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. செட்டிநாட்டு வீடுகளையும் சேகாவதி மாளிகைகளையும் ஒப்பிடுக.
2. ‘வீட்டை மட்டும் பார்ப்பவர் பாதியே அறிகிறார்’ – இக்கூற்றை நெடுநல்வாடைச் செய்தியுடன் பொருத்தி விளக்குக.

இ. செய்து பார்க்க.
1. வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அது யாருடையது, எங்கிருந்து வந்தது, ஏன் பாதுகாக்கப்படுகிறது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக. ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியிலும் கேட்கலாம்.
2. வேறு மாநிலத்தைச் சேர்ந்த வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டு அழகுப் பொருளைப் பற்றி அவரிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் கூறுக.